நான் காப்பாற்றும் வரை நன்றாக இருந்த குட்டை

நாரணாபுரத்தைத் தாண்டி ஒரு வண்டிப்பாதை போகிறது. அதன் ஓரத்தில் எனக்கு ஒன்றரை ஏக்கர் கரிசல் நிலம் இருக்கிறது. நடுவில், அப்பா காலத்தில் தோண்டிய ஒரு குட்டை. நான் அங்கே ஒரு நாளும் விவசாயம் பார்த்ததில்லை. சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன் நான். ராகு காலம் இருக்க வேண்டிய கட்டத்தில் எமகண்டம் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்வதும், 'வாழ்த்துகள்' நடுவில் ஒரு 'க்' நுழைந்துவிடாமல் தடுப்பதும்தான் என் இத்தனை வருட உழைப்பு.

நிலம் சும்மா கிடப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அது ஒரு நாளும் சும்மா கிடக்கவில்லை. பக்கத்துப் பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் ஓர் அக்கா, லீவு நாட்களில் தன் ஏழெட்டு ஆடுகளை அங்கே மேய்ப்பார். மேய்ந்தது போக மிச்சப் புல்லை அறுத்துக் கட்டிக்கொண்டு போவார். விறகைக் கரியாக்கக் கரிமூட்டம் போடுகிறவர்கள் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வந்து சீமைக்கருவேல மரங்களை வெட்டிக்கொண்டு போவார்கள். சித்திரையில் குட்டை வற்றியதும் அக்கம்பக்கத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரிகள் வண்டல் மண்ணை அள்ளித் தங்கள் புஞ்சையில் போட்டுக்கொள்வார்கள். குட்டையோரம் ஆள் உயரம் வளரும் சம்பங்கோரையை யாரோ எதற்கோ அறுத்துக்கொண்டு போனார்கள். எல்லோரும் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. கேட்டவர்களுக்கு 'ம்' சொன்னேன். கேட்காதவர்களால் அந்த 'ம்' எனக்கு மிச்சம்.

ஒரு சீசனில் பறவைகள் காலண்டர் ஒன்று ஆர்டர் வந்தது. மாதத்துக்கு ஒரு பறவை, படத்துக்குக் கீழே நாலு வரி. டிசம்பர்த் தாளில் ஒரு வாக்கியம் இருந்தது: 'மனிதன் ஒதுங்கிக்கொண்டால் இயற்கை தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும்.' மூன்று புரூஃபிலும் அதைப் படித்தேன். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. அதனால் கருத்துப்பிழையும் இருக்காது என்று நம்பிவிட்டேன்.

குட்டையில் முக்குளிப்பான்கள் நீந்துவதை நானே பார்த்திருக்கிறேன். கௌதாரி கத்துவதைக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு பேர் வந்து அறுத்து, வெட்டி, மேய்த்து, அள்ளும்போதே இத்தனை இருக்கிறதென்றால், எல்லோரையும் வெளியேற்றிவிட்டால் எவ்வளவு வரும்! கணக்கு எனக்குச் சுலபமாக வந்தது. மனிதர்கள்தான் பிழை, அவர்களை நீக்கிவிட வேண்டியது.

வீட்டில் சொன்னேன். என் மனைவி அரிசி களைந்துகொண்டே கேட்டாள்:

"கொல்லையில இருக்க கறிவேப்பிலைக்கே தண்ணி ஊத்த மாட்டீக. காடு வளக்கப் போறீகளா?"

"வளக்கலை. சும்மா விடப்போறேன்."

"அப்ப சரி. அது உங்களுக்கு நல்லா வரும்."

முள்கம்பி வேலி போட்டேன். தகரத்தில் ஒரு போர்டும் எழுதச் சொன்னேன். பெயிண்டர் 'இயற்கை பாதுகாப்பு இடம், உள்ளே வரக்கூடாது' என்று எழுதி நட்டுவிட்டுப் போய்விட்டார். ஒரு 'ப்' விட்டுப்போயிருந்தது. எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. மறுநாள் சிவப்புப் பெயிண்ட் வாங்கிப் போய், புரூஃபில் போடுவதுபோலவே கூரைபோல ஒரு செருகல் குறி கிழித்து, மேலே 'ப்' போட்டேன். சிவகாசிப் பக்கத்தில் வெட்டவெளியில் சிவப்பாக எழுதியிருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். உள்ளே வெடிமருந்து இருக்கிறது என்று நினைத்து ஜனங்கள் ஒதுங்கிப் போக ஆரம்பித்தார்கள். நல்லதாகப் போயிற்று என்று விட்டுவிட்டேன்.

பயப்படாதவர் அந்த ஆட்டுக்கார அக்கா ஒருவர்தான். வேலிக்கு வெளியே ஆடுகளோடு நின்று என்னைப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, இடத்தைக் குடுத்துட்டீகளா?"

"இல்லக்கா. இனிமே மனுசன் உள்ள போகக் கூடாது. பறவைக்கு, பூச்சிக்கு விட்ருக்கேன்."

"ஆடு?"

"ஆடும் கூடாது."

அவர் வேலியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். "நீங்க வேலி போட்டா ஆடு நிக்கும். முள்ளு நிக்குமா?" என்றார். நான் சிரித்தேன். படிக்காதவர், வயிற்றெரிச்சலில் பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் நடந்தது அதுதான்.

முதல் வருடம் நான் ஜெயித்தேன். ஐப்பசி மழைக்குப் பிறகு புல் இடுப்பளவு வளர்ந்தது. தும்பை பூத்தது, கொழுஞ்சி பூத்தது, வண்ணத்துப்பூச்சிகள் அலைந்தன. அச்சகத்தில் பைண்டிங் பிரிவிலிருந்து மெஷின் பிரிவு வரை யார் தேநீர் குடிக்க வந்தாலும் என் காட்டைப் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் குடிக்க முடியும். ஒரு நோட்டு வாங்கி, கண்ட பறவைகளை எல்லாம் எழுதினேன். முதல் பக்கம் நிறைந்து ஓரத்திலும் எழுதியிருக்கிறது.

இரண்டாம் வருடம் புல் காய்ந்து மடிந்து, பழைய பாய் விரித்ததுபோலத் தரையை மூடிக்கொண்டது. தும்பை அங்கொன்று இங்கொன்று. சீமைக்கருவேலம் முழங்கால் உயரத்தில் எங்கும் முளைத்தது. 'இளங்காடு' என்று நோட்டில் எழுதினேன்.

மூன்றாம் வருடம் உள்ளே போக வழியில்லை. கருவேலம் பின்னிப் பிணைந்து, அதன் கீழே ஒரு புல் இல்லை. குட்டையில் சம்பங்கோரை கரையிலிருந்து நடுவரைக்கும் நடந்து வந்துவிட்டது. மிச்சத் தண்ணீரில் ஆகாயத்தாமரை. தண்ணீரே தெரியாத குட்டையில் முக்குளிப்பான் எங்கே போய் முக்குளிக்கும்? நான் விடவில்லை. 'முக்குளிப்பான்: வலசை போயிருக்கலாம்.' 'கௌதாரி: கூச்ச சுபாவம்.' கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது: 'காகம்.' அதுவும் மேலே பறந்து போனது.

புதிதாக வந்தவை காட்டுப்பன்றிகள் மட்டும். அவற்றை நோட்டில் சேர்ப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பட்டாசு ஆலையின் ஃபோர்மேன் வீட்டுக்கே வந்துவிட்டார். தடித்த மனிதர், எப்போதும் கையில் ஒரு துண்டு.

"அண்ணாச்சி, உங்க காடு எங்க கம்பி வேலிக்கு இங்கிட்டு வந்துருச்சு. மருந்து செட்டுக்குப் பக்கத்துல காஞ்ச புல்லு, செத்தை இருக்கப்படாது. நாங்க வாரா வாரம் அறுக்கோம். நீங்க வாரா வாரம் வளக்கீக. இன்ஸ்பெக்சன்காரக வந்தா நான் என்ன சொல்ல?"

"இயற்கைன்னு சொல்லுங்க."

"அவுக கையெழுத்துப் போட மாட்டாக."

பேச்சை மாற்றுவதற்காக, அவர்கள் பக்கத்திலிருந்து ஓயாமல் பறவைச் சத்தம் கேட்கிறதே என்று கேட்டேன். ஃபோர்மேனுக்கு அது இன்னொரு தலைவலி.

"அத ஏன் கேக்கீக! ஆட்காட்டிக் குருவி ஒண்ணு, ரெண்டு செட்டுக்கு நடுவுல பொட்டல்ல முட்டை வச்சிருக்கு. போறவன் வாறவன் மண்டையிலயெல்லாம் கொத்த வருது. நான் சுத்தி நாலு செங்கலை வச்சு, யாரும் மிதிச்சுராதீகன்னு சொல்லியிருக்கேன். வானம்பாடி, காடை, அது இதுன்னு ஒரே தொந்தரவு."

"எல்லாம் என் காட்டுல இருந்து வர்றதுதான்" என்றேன்.

ஃபோர்மேன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "உங்க காட்டுல இருந்து வந்தது பன்னி மட்டுந்தான் அண்ணாச்சி."

அடுப்படியிலிருந்து என் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது.

அந்தத் தை மாதம் எங்கள் அச்சகத்துக்கு ஜப்பானிலிருந்து ஒரு நாலு கலர் மெஷின் வந்தது. அதைப் பூட்டி ஓட்டிக் காட்ட ஓர் இன்ஜினியரும் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான ஆள், வெள்ளைக் கையுறை. இரண்டு வாரம் மெஷினுக்கு அடியிலேயே படுத்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு ஜப்பான் மொழி தெரியாது. இரு தரப்பு ஆங்கிலமும் 'குட்', 'நோ குட்' என்ற அளவில் சந்தித்துக்கொண்டது. மற்றதையெல்லாம் அவருடைய போன் பேசியது. அவர் போனில் சொல்வார். போனுக்குள் இருக்கும் ஒரு பெண்குரல் ரேடியோ செய்தி வாசிப்பதுபோல் தமிழில் சொல்லும்.

ஞாயிற்றுக்கிழமை அவரை எங்காவது கூட்டிக்கொண்டு போகச் சொன்னார் முதலாளி. கோயிலுக்கு என்றுதான் அவர் நினைத்திருப்பார். நான் என் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஜப்பான்காரர்கள் இயற்கையை மதிப்பவர்கள் என்று எங்கோ புரூஃப் பார்த்திருக்கிறேன். இங்கே இல்லாவிட்டாலும் அங்கேயாவது ஒரு மனிதருக்கு என் அருமை தெரியட்டும் என்ற ஆசை.

வேலிக்கு முன்னால் நின்று அவர் வெகுநேரம் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். போனில் மெதுவாக ஏதோ சொன்னார். பெண்குரல் சொன்னது:

"மிகவும் வருந்துகிறேன். இந்த நிலத்தின் உரிமையாளர் எப்போது காலமானார்?"

நான் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "நான்தான் உரிமையாளர்" என்றேன். போன் அதை அவருக்குச் சொன்னது. அவர் முகம் சிவந்து, இடுப்பு வரை குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. நானும் பதிலுக்குக் குனிய, என் கண்ணாடி கீழே விழுந்தது.

அப்புறம் விளக்கினார். அவருடைய அப்பா ஊரில் இப்படி ஒரு நிலம் கிடந்தால், அந்த வீட்டுப் பெரியவர் போய்விட்டார், பிள்ளைகள் டவுனில் இருக்கிறார்கள் என்று அர்த்தமாம். அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன மலை. "என் தந்தை ஆண்டுதோறும் மலைக்கு முடி வெட்டுவார்" என்றது போன். அவர் தலையை ஆட்டி, அரிவாளால் அறுப்பதுபோல் கையைக் காட்டினார். புல்லை மாட்டுக்கும் வயலுக்கும் அறுப்பார்களாம். மரத்தை ஒரு பக்கமாக விறகுக்கும் கரிக்கும் வெட்டுவார்கள். அது துளிர்த்து வளர்வதற்குள் இன்னொரு பக்கம். வயலுக்குத் தண்ணீர் விடும் குளத்தை வற்றவிட்டுச் சேறு அள்ளுவார்கள். வெட்டிய இடத்தில் வெயில் விழும். வெயில் விழுந்த இடத்தில் ஒரு பூ வரும். அந்தப் பூவுக்கு ஒரு பட்டாம்பூச்சி வரும். பிறகு கேஸ் அடுப்பு வந்தது, மூட்டையில் உரம் வந்தது. மலைக்குப் போக ஆளில்லை. மூங்கில் இறங்கி வந்து எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. பூ போயிற்று, பட்டாம்பூச்சி போயிற்று.

"மலை மனிதர்களுக்குப் பழகியிருந்தது. மனிதர்கள் நீண்ட விடுப்பு எடுத்துவிட்டார்கள்" என்றது போன்.

பிறகு அவர் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் வாயோரம் தந்தம்போல் வைத்து, மூக்கைச் சுளித்து, தோட்டத்தைக் கிளறுவதுபோல் நடித்துக் காட்டினார். இதற்கு போன் தேவைப்படவில்லை. நானும் என் விரல்களை வாயோரம் வைத்துக் காட்டினேன். இரண்டு பேரும் வேலி ஓரத்தில் பன்றிகளாக நின்றிருந்தபோது, பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"என்ன அண்ணாச்சி, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

அந்த ஆட்டுக்கார அக்கா. ஆலைக்கு ஞாயிறு லீவு. ஃபோர்மேன் சொல்லி, ஆடுகளைப் பக்கத்தில் மேயவிட்டுவிட்டு, ஆலை வேலியோரம் புல் அறுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"இவுக யாரு? என்ன சொல்றாக?"

"ஜப்பான்ல இருந்து வந்திருக்காரு. நான் எப்பச் செத்தேன்னு கேக்காரு."

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். நின்று சிரிக்க முடியாமல் புல்லுக்கட்டின் மேலேயே உட்கார்ந்து சிரித்தார். இன்ஜினியர் கவலையோடு போனில் கேட்டார்: "இவர் ஏன் அழுகிறார்?"

சிரித்து முடித்ததும் அக்கா தன் பக்கத்துக் கம்பியைத் தூக்கிப் பிடித்து, "இங்கன வாங்க" என்று அவரைக் கூப்பிட்டார். ஆலை வேலியோரத்தில் போன வாரம் அறுத்த இடம், அதற்கு முந்தி அறுத்த இடம், இன்னும் அறுக்காத இடம் என்று பட்டை பட்டையாகத் தெரிந்தது. அறுத்த இடத்தில் சின்னச் சின்னதாக ஏதேதோ பூத்திருந்தது. காலடியிலிருந்து ஒரு காடை விர்ரென்று எழும்பியது. இன்ஜினியர் "ஓ!" என்றார். நான் நோட்டை எடுக்கவில்லை. அது என் நிலத்துக் காடை இல்லை.

அதன்பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அக்காவிடம் கையை நீட்டி அரிவாளைக் கேட்டார். அக்கா யோசித்துக்கொண்டே கொடுத்தார். அவர் பெருவிரலால் கூர் பார்த்தார். "அட, பிடிக்கத் தெரிஞ்சவுக" என்றார் அக்கா. இன்ஜினியர் பேன்ட்டைச் சுருட்டிவிட்டு, முள்ளுக்கிடையில் பன்றிகள் போட்ட வழியாகவே குட்டைக்குப் போய், சம்பங்கோரையை அடியோடு அறுத்துக் கரையில் போட ஆரம்பித்தார். விருந்தாளி வேலை செய்ய, நான் கரையில் நிற்பது மரியாதையாக இல்லை. செருப்போடு இறங்கினேன். இரண்டு எட்டு வைத்ததும் தொடை வரை புதைந்தேன். மூன்று வருடம் யாரும் அள்ளாத சேறு. அது என்னைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டது.

"அசையாதீக அண்ணாச்சி! அசைஞ்சா இன்னும் உள்ள போவீக!"

அக்கா புல்லுக்கட்டுக் கயிற்றை அவிழ்த்து வீசினார். அவர் ஒரு பக்கம், ஜப்பான் ஒரு பக்கமாக இழுத்தார்கள். கரைக்கு வந்து சேர்ந்தேன். செருப்பு இரண்டும் வரவில்லை. சேற்றைப் பார்த்துக்கொண்டு, மூச்சு வாங்க, "அக்கா, என்ன செய்யணும்னு நீங்களே சொல்லிருங்க" என்றேன்.

அவர் யோசிக்கவே இல்லை. மூன்று வருடமாக மனசில் வைத்திருந்திருப்பார் போல.

"கரிமூட்டத்துக்காரகளைக் கூப்பிட்டுச் சீமைக்கருவேலத்தை வெட்டச் சொல்லுங்க. வேம்பையும் குடைவேலத்தையும் தொடக் கூடாதுன்னு சொல்லிருங்க. புல்லு பூத்து விதை உதுந்த பெறகு நான் ஆட்டைப் பத்தி மேச்சுக்கிடுவேன். அதுக்கு முந்தி ஒரு ஓரமா அறுத்துக்கிடுவேன். சம்பங்கோரைய முச்சூடும் எடுத்துராதீக, ஒரு மூலையில விடுங்க. மண்ணு அள்ளுறவுகளையும் விடுங்க."

"ஒரே நாள்ல எல்லாப் புல்லையும் அறுத்தா என்ன?"

"மறுநாள் ஆடு எதத் திங்கும்?" என்றார், குழந்தைக்குச் சொல்வதுபோல.

போன் அதையும் மொழிபெயர்த்தது. இன்ஜினியர் அக்காவைப் பார்த்துக் குனிந்தார். இந்த முறை ஒரே தடவைதான், ஆனால் ஆழமாக. அக்கா வெட்கப்பட்டு ஆட்டைத் திட்டினார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடமும் ஒருவரும் பறவைக்காக ஒன்றும் செய்யவில்லை. ஒருவர் ஆட்டுக்காக, ஒருவர் கரிக்காக, ஒருவர் புஞ்சைக்காக. ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து, ஆளுக்குக் கொஞ்சம் விட்டு வைத்த இடத்தில்தான் முக்குளிப்பான் நீந்தியிருக்கிறது. பறவைக்காகவே உழைத்த ஒரே ஆள் நான். ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

கரிமூட்டத்துக்காரர்கள் வெட்டி முடித்த பிறகு நிலம் உரித்த கோழிபோல் இருந்தது. என் காட்டுப் பெருமையைக் கேட்டே தேநீர் குடித்த அச்சகத்து ஆட்கள், "இயற்கையை அழிச்சிட்டீகளே சார்" என்று துக்கம் விசாரித்தார்கள். வெட்டிய கருவேலம் ஒரு மழைக்கே மறுபடி துளிர்த்தது. தூரைத் தோண்டிப் பிடுங்கும் வேலை இன்னும் முடியவில்லை. அந்தக் கோடை முழுதும் சம்பங்கோரை வேரோடு போராடியதில், வண்டல் அள்ள நேரம் இல்லாமல் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் புல்லுக்கட்டைத் தூக்கிவிடும் வேலை எனக்கு. தலையில் தூக்கி வைக்கத் தெரியாமல் இரண்டு முறை அக்காவின் காலில் போட்டிருக்கிறேன். மூன்றாவது முறைக்கு முன்பே அவர் நகர்ந்து நிற்கப் பழகிக்கொண்டார்.

ஐப்பசி மழைக்குப் பிறகு தும்பை வந்தது. அறுத்த பட்டையில் விஷ்ணுகிராந்தி நீலமாகப் படர்ந்தது. கௌதாரி ஒரு விடியலில் கத்தியது. நான் சைக்கிளைப் போட்டுவிட்டு நின்று கேட்டேன். முக்குளிப்பான் வரவில்லை. இன்னும் வரவில்லை. வருமென்று எந்தத் தாளிலும் எழுதித் தர நான் தயாரில்லை.

அதற்கடுத்த சித்திரையில் குட்டை வற்றியபோது மண் அள்ளினோம். சம்சாரிகள் டிராக்டரோடு வந்தார்கள். ஃபோர்மேன் துண்டோடு வந்தார். "வேடிக்கை பாக்கத்தான்" என்றார். அவர் கையில் ஒரு பெரிய பை இருந்தது. சேற்றைக் கிளறியதும் உள்ளே விரால் மீன்கள் நெளிந்தன. இத்தனை வருடம் அந்தச் சேற்றுக்குள் அவை எப்படித்தான் குடும்பம் நடத்தினவோ! என் மனைவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். மீன் பிடிப்பதில் அவளுக்கு இருந்த திறமை எனக்கு அதுநாள் வரை தெரியாது. ஒரு மணி நேரத்தில் எல்லோரும் சேறு பூசி, யார் சம்சாரி, யார் ஃபோர்மேன் என்றே தெரியாமல் போயிற்று.

அக்கா மட்டும் கரையில் நின்று கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். குட்டையின் தென்மூலையில் மண்ணைத் தொடவிடாமல், தண்ணீரோடு ஒரு பள்ளத்தை அப்படியே விடச் சொல்லியிருந்தார்.

"பெருசு வீட்டுக்கு. சிறுசு பள்ளத்துக்கு" என்றார். பிறகு குரலை உயர்த்தி, "ஏ ஃபோர்மேன் அண்ணாச்சி! பையில என்ன? அது குஞ்சு. எடுத்துப் போடுங்க உள்ள."

ஆலையில் அவரை வேலை வாங்குகிற ஃபோர்மேன், பையைத் திறந்து, விரல் நீளக் குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் விட்டார். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற நானும், அக்கா இந்தப் பக்கம் திரும்புவதற்குள், என் வாளியிலிருந்து மூன்றை எடுத்துச் சத்தமில்லாமல் விட்டுவிட்டேன்.